1918 பெருங்காய்ச்சல்: இந்தியாவில் இறந்தவர்களை எண்ணிய கதை

கேள்வி இது: "1918இல் வந்த ஸ்பானிஷ் ஃப்ளூவில் முதல் உலகப் போரில் இறந்தவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்களாமே? ஓரிடத்தில் 2 கோடி என்கிறார்கள், இன்னோரிடத்தில் 10 கோடி என்கிறார்கள். எதை நம்புவது? இந்தியாவில்தான் சாவு அதிகம் என்பது உண்மையா? காந்திக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது என்று படித்தேன், அது சரியா?"

காந்தியைப் பற்றிய பகுதிக்குப் பதில் சிறியது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். கொரோனா காலத்தில் "ஸ்பானிஷ் ஃப்ளூவை வென்ற காந்தி" என்கிற தகவல் எங்கும் சுற்றியது. அது தவறு. 1918 ஆகஸ்டில் அவரைப் படுக்கையில் தள்ளியது சீதபேதி. கேடா மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக அலைந்து, அரைத்த நிலக்கடலையையும் எலுமிச்சையையும் நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டதைத் தன் சுயசரிதையில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் காய்ச்சல் அவர் குடும்பத்தை விட்டுவைக்கவில்லை. மூத்த மகன் ஹரிலாலின் மனைவி குலாப் அதில்தான் இறந்தார்.

இனி எண்களுக்கு வருவோம். போரில் இறந்த படைவீரர்கள் ஏறத்தாழ ஒரு கோடி. பொதுமக்களையும் சேர்த்தால் இரண்டு கோடியை நெருங்கும். காய்ச்சலைப் பொறுத்தவரை, 1927இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எட்வின் ஜோர்டன் சொன்ன கணக்கு 2.15 கோடி. 1991இல் பாட்டர்சன், பைல் இருவரும் 2.47 கோடி முதல் 3.93 கோடி வரை என்றார்கள். 2002இல் ஜான்சனும் முல்லரும் 5 கோடி என்று எழுதி, உண்மை அதைப்போல் இருமடங்காகவும் இருக்கலாம் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். 10 கோடி என்ற எண் அங்கிருந்து வந்தது. 2018இல் வந்த ஓர் ஆய்வு எல்லாவற்றையும் கீழே இழுத்து 1.74 கோடி என்றது. அன்றைய உலக மக்கள்தொகை 180 கோடி அளவில். அதில் ஏறத்தாழ 50 கோடிப் பேருக்கு நோய் தொற்றியதாக மதிப்பிடுகிறார்கள்.

இந்த எண்கள் ஏன் இப்படி அலைபாய்கின்றன? அமெரிக்காவின் எண்ணில் பெரிய தகராறு இல்லை, 6,75,000 என்பது பரவலாக ஏற்கப்பட்டது. பிரிட்டன், பிரான்ஸ் எண்களும் கொஞ்சம்தான் முன்னே பின்னே போகும். உலகக் கணக்கு ஆடுவதற்கு முதன்மைக் காரணம் ஆசியாவும் ஆப்பிரிக்காவும்; அதிலும் இந்தியா. ஜோர்டனின் 2.15 கோடியில் இந்தியாவின் பங்கு மட்டும் 1.25 கோடி. பாதிக்கும் மேல். பின்னால் 1986இல் ஐ. டி. மில்ஸ் என்பவர் பழைய பதிவுகளைக் கிளறி, இந்தியாவில் 1.7 முதல் 1.8 கோடிப் பேர் இறந்திருக்க வேண்டும் என்றார். 2018 ஆய்வு உலகம் முழுவதற்கும் தருகிற எண்ணும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது. சித்தார்த் சந்திராவும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட கணக்கு பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும் அதிகபட்சம் 1.39 கோடி. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் இது மாவட்டவாரியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கட்டப்பட்டது. சமஸ்தானங்களின் சாவு இதற்கு மேல்.

ஆகவே சுருக்கமான பதில்: ஆம், எந்த நாட்டையும்விட இந்தியாவில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000. அவர்கள் நினைவுக்காகத் தில்லியில் இந்தியா கேட் நிற்கிறது. காய்ச்சலில் இறந்த ஒன்றரைக் கோடிப் பேருக்கு அப்படியொரு நினைவுச் சின்னம் எழவில்லை.

விரிவான பதிலுக்கு, அந்தச் சாவுகளை அன்று எண்ணியது யார் என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வட இந்தியக் கிராமங்களில் பிறப்பு இறப்பைச் சொல்லும் பொறுப்பு சௌக்கிதாரிடம் இருந்தது. இரவுக் காவல் காக்கும் அந்த ஆள் எழுத்தறிவு இல்லாதவராக இருப்பதே வழக்கம். இன்னார் இறந்தார், இன்ன நோயில் என்று அவர் போலீஸ் நிலையத்தில் சொல்ல, அங்கிருப்பவர் எழுதிக்கொள்வார். சென்னை மாகாணத்தில் கிராமத் தலைவர் பதிவேட்டை வைத்திருந்தார். அந்தப் பதிவேட்டில் காலரா, பெரியம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய், காயம், "காய்ச்சல்" என்று சில கட்டங்கள்தான் உண்டு. இன்ஃப்ளூயன்சாவுக்குக் கட்டம் கிடையாது. மலேரியா, டைபாய்டு, நிமோனியா, பெயர் தெரியாத எல்லாமே "காய்ச்சல்" கட்டத்துக்குள் போயின. அதனால் பின்னால் வந்தவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் ஒரு கழித்தல் கணக்கு: முந்தைய ஆண்டுகளில் அக்டோபர் மாதத்தில் சராசரியாக இத்தனை சாவு, 1918 அக்டோபரில் இத்தனை, மிகுதி இன்ஃப்ளூயன்சா. இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் வைட் 1919இல் கொடுத்த முதல் அறிக்கை இப்படித்தான் 60 லட்சத்துக்கு வந்தது. அதுவே குறைவு என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எண்ணிச் சொல்ல வேண்டியவர்களும் படுத்துக் கிடந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். சாவு மிக அதிகமாக இருந்த ஊரில் பதிவேடு மிக மோசமாக இருந்தது.

உண்மை வெளியே வந்தது 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். இன்றைய இந்தியாவின் நிலப்பரப்புக்குக் கணக்கிட்டால் 1911இல் 25.21 கோடி, 1921இல் 25.13 கோடி. பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்தது நம் கணக்கெடுப்பு வரலாற்றில் அந்த ஒரு முறைதான். மக்கள்தொகை இயல் படிப்பவர்கள் 1921ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்று சொல்வார்கள், அதற்குப் பின் கோடு ஏறிக்கொண்டே போனது.

நோய் எங்கே பிறந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 1918 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கேம்ப் ஃபன்ஸ்டன் என்ற ராணுவ முகாமில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்ததுதான் நன்கு பதிவான முதல் நிகழ்வு. அதற்கு முன்பே பிரான்சின் எட்டாப்ல் முகாமில் இருந்தது என்பார் உண்டு, சீனத்திலிருந்து வந்த தொழிலாளர் படையோடு வந்தது என்பார் உண்டு. ஸ்பெயின் மட்டும் நிச்சயமாக இல்லை. போரில் ஈடுபட்ட நாடுகள் தங்கள் பத்திரிகைகளின் வாயைக் கட்டியிருந்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ படுத்ததுவரை செய்தி வந்தது, பழியும் ஒட்டிக்கொண்டது.

வசந்த காலத்தில் வந்த முதல் அலை ஆட்களைப் படுக்க வைத்தது, அதிகம் கொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மூன்று துறைமுகங்களில், அமெரிக்காவின் பாஸ்டன், பிரான்சின் பிரெஸ்ட், மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் ஆகியவற்றில், ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெடித்த இரண்டாவது அலைதான் ஆட்கொல்லி. உலகம் முழுவதும் இறந்தவர்களில் பெரும்பகுதி அந்த ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் போனவர்கள். மூன்றாவது அலை 1919 தொடக்கத்தில். போர் முடிந்த பிறகு பாரிஸில் சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் வில்சனை அது ஏப்ரலில் பிடித்தது.

பம்பாய்க்கு வருவோம். 1918 ஜூன் 10ஆம் தேதி, துறைமுகத்தில் காவலுக்கு நின்றவர் உட்பட ஏழு போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மலேரியா இல்லை என்று தெரிந்தது. அடுத்து கப்பல் கம்பெனி, துறைமுக நிர்வாகம், பஞ்சாலைகள் என்று அலுவலகம் அலுவலகமாக ஆட்கள் வரவில்லை. இரவில் திருடன் நுழைவதுபோல் நுழைந்துவிட்டது என்று நகரின் சுகாதார அதிகாரி டர்னர் எழுதினார். நோய் கப்பலில் வந்தது என்பது அவர் கட்சி. இல்லை, பம்பாயின் அழுக்கில்தான் பிறந்தது என்று சொல்லவும் அரசாங்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். துருப்புகளை ஏற்றி வந்த கப்பல்களைக் குற்றம் சொல்வதைவிட நகரத்துச் சேரிகளைக் குற்றம் சொல்வது அவர்களுக்கு எளிது.

ஜூலையில் தணிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாயில் 768 பேர் இறந்தார்கள். அங்கிருந்து ரயில் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் போயிற்று. விடுப்பில் ஊர் திரும்பிய சிப்பாய்கள், நகரத்துக்குப் பயந்து கிராமத்துக்கு ஓடிய ஆலைத் தொழிலாளிகள், தபால் பை சுமந்த ஊழியர்கள் எல்லோரும் அறியாமல் அதைச் சுமந்தார்கள். பம்பாய் மாகாணம், மத்திய மாகாணங்கள், பஞ்சாப், தில்லி இவைதான் மிக மோசமாக அடிபட்டன. கிழக்கே போகப் போக வேகம் குறைந்தது. வங்காளமும் சென்னை மாகாணமும் ஒப்பீட்டளவில் தப்பின. சந்திராவின் இன்னோர் ஆய்வின்படி, பம்பாயிலிருந்து தூரம் கூடக் கூடச் சாவு விகிதம் இறங்குகிறது, அலை நீடிக்கும் காலம் கூடுகிறது. பரவிக்கொண்டே வரும்போது கிருமியின் கொடுமை தணிந்திருக்கலாம் என்பது அவர் ஊகம்.

கிருமியை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும். 1918இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. இரண்டாவது அலை வந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கரீப் அறுவடைக்கும் ரபி விதைப்புக்கும் உரிய காலம். விளைச்சல் இல்லை; இருந்த கொஞ்சத்தை அறுக்க ஆள் இல்லை. போரினால் தானிய விலை ஏற்கெனவே ஏறிக் கிடந்தது, துணி விலை அதற்கும் மேல். மாட்டுத் தீவனமும் தண்ணீரும் அற்றுப் போன மாவட்டங்களிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு நடந்தார்கள், பம்பாய்க்குத்தான் அதிகம் வந்தார்கள். பட்டினி உடம்பில் காய்ச்சல் ஏறியது. எது கொன்றது என்று பிரித்துச் சொல்வது பல மாவட்டங்களில் இயலாது.

பம்பாய் நகரத்து இறப்பு விகிதம் சமூகவாரியாகப் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3, பார்சிகளில் 9, முஸ்லிம்களில் 19.2, சாதி இந்துக்களில் 18.9. அன்றைய அறிக்கை "கீழ்ச்சாதி" என்று குறித்த மக்களில் 61.6. ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே கிருமி. ஏழு மடங்குக்கும் அதிகமான வேறுபாடு. இந்தக் கிருமிக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், காய்ச்சல் கண்டவரைப் பத்து நாள் வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்க வீட்டில் அரிசி இருக்கிறதா, தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் எழுந்து நிற்கிறாரா என்பதெல்லாம் சாதியையும் கூலியையும் பொறுத்தே இருந்தன. மருந்தே இல்லாத நோயில் ஆளைக் காப்பாற்றியது கஞ்சியும் தண்ணீரும் ஓய்வும்தான். ஐரோப்பியக் குடியிருப்பில் அது கிடைத்தது.

இந்தியாவில் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இறந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உலகின் பல பகுதிகளில் நிலைமை நேர் எதிர், ஆண்களின் சாவு அதிகம். இங்கே இருபதிலிருந்து நாற்பது வயதுப் பெண்கள் அடுப்பையும் பார்த்து, நோயாளிகளையும் பார்த்து, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டார்கள். அவர்களே படுத்தபோது பார்க்க ஆள் இருக்கவில்லை. கர்ப்பிணிகள் நிலை இன்னும் மோசம்.

இந்திக் கவிஞர் சூர்யகாந்த் திரிபாதி நிராலா அப்போது இருபதைத் தாண்டிய இளைஞர். மனைவிக்கு உடல் நலமில்லை என்று தந்தி கிடைத்து, கங்கைக் கரையில் உள்ள டல்மாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி இறந்திருந்தார். அடுத்த சில நாட்களில் அண்ணன், அண்ணி, சிற்றப்பா என்று குடும்பம் கண்ணெதிரே கரைந்தது. கங்கை பிணங்களால் நிரம்பியிருந்ததையும், எரிக்க விறகு கிடைக்காததையும் அவர் பின்னால் எழுதினார். இந்திய இலக்கியத்தில் அந்தப் பேரழிவுக்கு இருக்கும் சாட்சியங்கள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு, நிராலாவுடையது அந்தச் சிலவற்றில் ஒன்று.

அரசாங்கம் என்ன செய்தது? இந்திய மருத்துவப் பணியின் டாக்டர்களில் பெரும்பகுதி மெசபொடேமியாவிலும் பிற போர்முனைகளிலும் இருந்தார்கள். எஞ்சியவர்களைக் கொண்டு கிராமங்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, பெரிதாக முயலவும் இல்லை. நகரங்களில் துண்டறிக்கை கொடுத்தார்கள்: திறந்த வெளியில் தூங்குங்கள், கூட்டத்தைத் தவிருங்கள். உண்மையில் மருந்து கலந்ததும், கஞ்சி காய்ச்சியதும், பிணம் தூக்கியதும் சாதிச் சங்கங்கள், சமூக சேவை அமைப்புகள், மாணவர்கள். குஜராத்தில் கல்யாண்ஜி, குவர்ஜி என்ற மேத்தா சகோதரர்கள் சூரத் மாவட்டத்துக் கிராமங்களில் இளைஞர்களைத் திரட்டி வேலை செய்தார்கள். இந்த ஆட்கள் பின்னால் காந்தியின் இயக்கத்துக்கு முதுகெலும்பானார்கள். இதை வைத்துக்கொண்டு "ஃப்ளூதான் சுதந்திரப் போராட்டத்தைப் பிறப்பித்தது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. ரௌலட் சட்டமும் 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக் படுகொலையும் இல்லாமல் அந்தக் கோபத்துக்கு வடிவம் வந்திருக்காது. ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது நாடு என்ன நிலையில் இருந்தது என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. பல வீடுகளில் சாவு நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

தமிழர்கள் இதில் எங்கே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். மாகாண அளவில் நாம் ஓரளவு தப்பியவர்கள் என்றேன். கடல் கடந்து போனவர்கள் அப்படித் தப்பவில்லை. இலங்கைக்கு நோய் இரண்டு வழியாக வந்தது: ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கும் வழி, அதாவது தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன அதே வழி. லயக் காம்பராக்களில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைகளில், நெருக்கியடித்துக்கொண்டு குளிர் மலையில் கிடந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தீவு முழுவதும் மூன்று லட்சம் பேரை இழந்திருக்கக்கூடும் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. அதற்கு முன் சொல்லப்பட்டு வந்த எண் இதில் ஒரு சிறு பங்குதான். எண்ணிப் பார்த்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கேயும் வருகிறது.

ஏன் இளைஞர்கள் இறந்தார்கள் என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் இந்த நோயின் மையப் புதிர் அதுதான். சாதாரண ஃப்ளூவில் குழந்தைகளும் முதியவர்களும்தான் இறப்பார்கள். வயதுக்கு எதிராகச் சாவை வரைந்தால் கோடு இரு முனையிலும் உயர்ந்து நடுவில் தாழும். 1918இல் நடுவிலும் ஒரு கூம்பு எழுந்தது, உச்சம் 28 வயதையொட்டி. காலையில் நலமாக இருந்தவர் முகம் ஊதா நிறமாகி, மூக்கில் ரத்தம் வழிந்து, இரண்டு மூன்று நாளில் மூச்சுத் திணறி இறந்தார். இளம் உடம்பின் நோய் எதிர்ப்பே மிஞ்சிப் போய் நுரையீரலைச் சிதைத்தது என்பது ஒரு விளக்கம். 1889-90இல் வந்த வேறு வகைக் காய்ச்சலைக் குழந்தைப் பருவத்தில் சந்தித்த தலைமுறையின் உடம்பு தவறான எதிரியோடு போரிடப் பழகியிருந்தது என்பது இன்னொன்று. எனக்கு இது கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது, அந்த 28 வயது உச்சத்தை இது விளக்குகிறது. எப்படியானாலும் இறந்தவர்களில் பெரும்பாலோரை இறுதியில் கொன்றது வைரஸ் திறந்துவிட்ட வாசல் வழியே நுழைந்த பாக்டீரியா நிமோனியா. ஆன்டிபயாடிக் இன்னும் வரவில்லை; ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். அந்தக் காலத்து டாக்டர்கள் ஆஸ்பிரினை இன்று நச்சு என்று கருதும் அளவில் கொடுத்தார்கள், அதுவும் சிலரை முடித்திருக்கலாம் என்று 2009இல் ஒரு கட்டுரை வாதிட்டது.

டாக்டர்களைக் குறை சொல்லி என்ன பயன், எதிரி யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. 1892இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைஃபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டு அதுதான் இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் என்று அறிவித்திருந்தார். உலகம் அதை நம்பி, அந்த பாக்டீரியாவுக்கு எதிராகத் தடுப்பூசி தயாரித்துப் போட்டது. உண்மைக் குற்றவாளி வைரஸ் என்பது 1933இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் ஃபெரட் என்ற கீரிபோன்ற விலங்கில் சோதித்தபோது உறுதியானது. ஒரு ஃபெரட் ஆய்வாளர் ஒருவரின் முகத்தில் தும்ம, அவருக்கே காய்ச்சல் வந்தது. அதைவிட நல்ல நிரூபணம் கேட்க முடியாது.

1918 வைரஸையே கையில் பிடித்த கதை இன்னும் விசித்திரம். அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் ஐந்து நாட்களில் பெரியவர்கள் 80 பேரில் 72 பேர் இறந்து, உறைபனி மண்ணில் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். 1951இல் யோஹான் ஹுல்டின் என்ற மாணவர் ஊராரிடம் அனுமதி வாங்கித் தோண்டி, நுரையீரல் திசு எடுத்து, அதிலிருந்து வைரஸை வளர்க்க முயன்று தோற்றார். 46 ஆண்டு கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஜெஃப்ரி டாபன்பர்கர் என்ற நோயியல் அறிஞர் வைரஸின் மரபணுத் துண்டுகளைப் பழைய ராணுவ மாதிரிகளில் படித்ததை அறிந்து, தன் செலவில் மறுபடி போய்த் தோண்டினார். இந்த முறை கொழுப்பு மிகுந்த ஒரு பெண்ணின் உடலில் நுரையீரல் கெடாமல் இருந்தது. 2005இல் முழு மரபணு வரிசை வெளியானது, அதே ஆண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அந்த வைரஸ் மறுபடி உருவாக்கப்பட்டது. பறவை வைரஸோடு நெருங்கிய H1N1 வகை. அப்படி ஒன்றை உயிர்ப்பிக்கலாமா என்ற விவாதம் அன்று நடந்தது, இன்றும் முடியவில்லை.

தடுத்திருக்க முடியுமா? ஒரு நல்ல ஒப்பீடு பசிபிக்கில் இருக்கிறது. நியூசிலாந்தின் கையில் இருந்த மேற்குச் சமோவாவுக்கு 1918 நவம்பர் 7ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் வந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தும் ஆட்கள் இறங்க அனுமதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 8,500 பேர், மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர், இறந்தார்கள். பக்கத்தில் அமெரிக்கச் சமோவா. அங்கே ஆளுநர் ஜான் போயர் கப்பல்களை நிறுத்தினார், கரையோரம் உள்ளூர் மக்களே காவல் காத்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. மேற்குச் சமோவாவின் நிர்வாகி கர்னல் லோகனோ பக்கத்துத் தீவு கொடுக்க வந்த மருத்துவ உதவியையும் ஏற்கவில்லை. அந்தக் கோபம் பின்னால் மாவு என்ற விடுதலை இயக்கத்தில் கலந்தது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

அமெரிக்காவில் பிலடெல்ஃபியா செப்டம்பர் 28ஆம் தேதி போர்க் கடன் பத்திர ஊர்வலம் நடத்தி இரண்டு லட்சம் பேரைத் தெருவில் கூட்டியது, செயின்ட் லூயிஸ் நோய் வந்த இரண்டாவது நாளே பள்ளி, திரையரங்கு, தேவாலயத்தை மூடியது, முதல் நகரத்தின் சாவு விகிதம் இரண்டாவதைவிடப் பல மடங்கு உச்சம் தொட்டது என்பதை 2020இல் எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பீர்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் முகக்கவச எதிர்ப்புச் சங்கம் ஒன்று 1919 ஜனவரியில் இயங்கியது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

விளைவுகளில் ஒன்று எதிர்பாராத இடத்தில் போய் முடிந்தது. 1964இல் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், ஏழை நாட்டு விவசாயத்தில் மிகுதியாக இருக்கும் ஆட்களை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது என்ற கொள்கையைச் சோதிக்க 1918 இந்தியாவை எடுத்துக்கொண்டார். விளைநிலத்தில் வேலை செய்தவர்கள் திடீரென இறந்தார்கள். விதைக்கப்பட்ட நிலப்பரப்பும் அதற்கேற்பக் குறைந்தது. ஆகவே யாரும் மிகுதி இல்லை என்றார். அமர்த்தியா சென் அந்த வாதத்தை மறுத்து எழுதினார், ஏனென்றால் குடும்பம் குடும்பமாகப் பாதிக்கும் நோய் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆளைச் சீராக எடுத்துப் போவதில்லை. விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஒன்றரைக் கோடிச் சாவு ஒரு சோதனைத் தரவாக மாறுவதற்கு ஐம்பது ஆண்டு போதுமானதாக இருந்தது.

பொதுச் சுகாதாரத்தில் நடந்த மாற்றம் மெதுவானது. பல நாடுகளில் இன்ஃப்ளூயன்சா அறிவிக்க வேண்டிய நோயாகக்கூட 1918இல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் இன்ஃப்ளூயன்சா கண்காணிப்பு வலையை அமைத்தது 1952இல். அதற்கு ஐந்தாண்டில் தேர்வு வந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் பயணிகள் காய்ச்சலோடு இறங்கினார்கள், ஆசியக் காய்ச்சல் என்ற H2N2 இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் சென்னை. இந்த முறை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இன்ஃப்ளூயன்சா மையம் இயங்கிக்கொண்டிருந்தது. கிருமிக்கு அங்கே பெயர் இருந்தது, நோயாளிகளை எழுத அரசாங்கத்தின் படிவத்தில் கட்டமும் இருந்தது. 1958 தொடக்கம் வரை நாடு முழுவதும் பதிவானவர்கள் 44 லட்சத்துக்கும் மேல், பதிவான சாவு சுமார் 1,100. நோயாளிகளின் எண்ணிக்கையை ஓரளவு ஏற்கலாம். சாவின் எண்ணிக்கையை நான் நம்பவில்லை. வீட்டில் இறந்து வீட்டிலிருந்தே சுடுகாட்டுக்குப் போனவர்கள் பெரும்பாலோர் அப்போதும் "காய்ச்சல்" கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.